எழுபத்தைந்து என்றால் பாஸா?

ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆசிரியர் அறையில் பரீட்சைத் தாள்களோடு நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம், ஓர் அம்மாள் வாசற்படியில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் பட்டை போட்ட ஓர் அட்டை. அந்த அட்டையை எடுத்து நம் மேஜைமீது வைத்துவிட்டு, "சார், நம்ம ஸ்கூல்லே எழுபத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே?" என்று கேட்டார்.

"பாஸ் என்ன அம்மா, நல்ல பாஸே ஆயிற்றே!" என்றோம்.

"அப்படின்னா என் பிள்ளையை மட்டும் ஏன் சார் அஞ்சு மார்க்குலே பெயிலுன்னு திருப்பி அனுப்புறாங்க?"

நமக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அட்டையைப் பார்த்ததும் விளங்கிற்று. பிள்ளையை நமக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பு வரையில் நம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கூட்டல் கழித்தல் வராது. ஆனால் பள்ளிக்கூட மணி அடிக்கும் உரிமையை அவனிடம் ஒப்படைத்திருந்தோம். நாம் ஜன்னலிலிருந்து கையை அசைத்தால் போதும், அவன் அடிக்கும் மணி அடுத்த தெருவுக்குக் கேட்கும். இப்போது அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. உதவித்தொகைக்காகத் தாயார் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "எண்பது சதவீதம் வேண்டும், உன் பிள்ளைக்கு எழுபத்தைந்துதான் போட்டிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதற்குப் பின் ஏழு மாதம் அந்த அம்மாள் வேறு எங்கும் போகவில்லை. சர்க்காரே பெயில் போட்ட பிறகு யாரிடம் போய் முறையிடுவது என்று இருந்துவிட்டார்.

நேயர்களில் பலருக்கு இந்தச் சதவீதக் கணக்கு புதிதாக இருக்கலாம். நமக்கும் அன்று வரையில் அரைகுறையாகத்தான் தெரியும். அந்த அம்மாளின் பொருட்டுச் சில ஞாயிற்றுக்கிழமைகளைச் சட்டப் புத்தகங்களுக்கும் சர்க்கார் உத்தரவுகளுக்கும் கொடுத்தோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

நம் அரசியல் சட்டத்தை வகுத்த பெரியோர்கள் 41-வது பிரிவில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேலையில்லாமை, முதுமை, நோய், அங்கக் குறைவு ஆகிய சந்தர்ப்பங்களில் பிரஜைக்கு ராஜாங்கத்தின் உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பது அந்த வாக்கு. 'தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு சொற்றொடரையும் கூடவே சேர்த்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அந்தப் பிரிவு வழிகாட்டும் கொள்கைகளின் அத்தியாயத்தில் இருப்பதால், அதை மாத்திரம் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கோர்ட்டு வாசலில் ஏற முடியாது. ஆகவே 1950-ல் கொடுத்த வாக்கு நெடுங்காலம் வாக்காகவே இருந்தது. ராஜ்யங்கள்தான் தத்தம் சக்திக்கு ஏற்ப ஏதோ செய்துகொண்டிருந்தன. சென்னை ராஜ்யத்தில் 1962-ல் ஆதரவற்ற முதியோருக்கு ஓய்வூதியம் வந்தது. ஆதரவற்ற ஊனமுற்றோருக்கென்று தனியாக 1974-ல் வந்தது.

தேசம் முழுவதற்குமான சட்டம் பிறக்க 1995 ஆகிவிட்டது. அது 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்துக்கொண்டது. பிறகு 2007-ல் இந்தியா ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதையொட்டி 2016-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இதில் 21 வகைகள். சலுகை, நலத்திட்டம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் உரிமை என்ற சொல் முன்னுக்கு வந்து உட்கார்ந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 4, உயர்கல்வியில் நூற்றுக்கு 5 என்று இடம் ஒதுக்கினார்கள். அந்த இடங்களைக் கேட்பதற்கு 40 சதவீதக் குறைபாடு இருந்தாக வேண்டும் என்று ஒரு கோட்டையும் போட்டார்கள்.

இந்தச் சதவீதத்தைக் கணக்கிட டாக்டர்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு கண் முழுவதும் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30. அறிவு வளர்ச்சிக் குறைவுக்குச் சமூக முதிர்ச்சியை அளக்கும் ஒரு சோதனை வைக்கிறார்கள். அதில் 55 முதல் 69 வரை வந்தால் லேசானது, 50 சதவீதம். 36 முதல் 54 வரை வந்தால் நடுத்தரம், 75 சதவீதம். 21 முதல் 35 வரை கடுமையானது, 90. அதற்கும் கீழே போனால் 100. நம் மணி அடிக்கும் பையன் நடுத்தரக் கட்டத்தில் இருக்கிறான். நடுத்தரம் என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவனைத் தனியே வீட்டில் விட்டுவிட்டு அடுத்த கடைக்குக்கூடப் போக முடியாது. தாயார் தையல் கம்பெனி வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார்.

இரண்டு குறைகள் உள்ளவருக்கு இரண்டு எண்களையும் அப்படியே கூட்டிவிடுவதில்லை. இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். ஒருவருக்குக் கண்ணில் 30, காதில் 30 என்று வைத்துக்கொள்வோம். 90-ல் 30 போனால் 60; அதை 30-ஆல் பெருக்கினால் 1,800; 90-ஆல் வகுத்தால் 20; ஆகக் கூட்டுத்தொகை 50. தனித்தனியே பார்த்தால் 40-ஐ எட்டாத இரண்டு குறைகள், சேர்த்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. கண்ணுக்கு மாத்திரம் சர்டிபிகேட் வாங்கிவிட்டு, காதைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமலே வந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அட்டையின் நிறத்துக்கும் பொருள் உண்டு. 40-க்குக் கீழே வெள்ளைப் பட்டை; 40 முதல் 80-க்குள் மஞ்சள்; 80-ம் அதற்கு மேலும் நீலம். 2021 ஜூன் முதல் இந்தச் சர்டிபிகேட்டை இணையதளத்தின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மனுக் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்த கெடு, 2024-ல் மூன்று மாதமாக நீண்டது. மனுவைக் குறுக்கி, கெடுவை நீட்டுகிற இந்த வித்தையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இன்று வேண்டாம்.

இனி, அந்த 80 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மத்திய சர்க்கார் 2009-ல் இந்திரா காந்தி பெயரால் தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்று ஒன்றைத் தொடங்கிற்று. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 18 வயது நிரம்ப வேண்டும். கடுமையான குறைபாடு, அதாவது 80 சதவீதம், இருக்க வேண்டும். இத்தனை வாசல்களையும் தாண்டி உள்ளே போகிறவருக்கு முதலில் மாதம் 200 ரூபாய் கொடுத்தார்கள். 2012-ல் 300 ஆக்கினார்கள். 2025 முடிந்தபோதும் அதே 300-தான். பாராளுமன்றக் கமிட்டியே இதை உயர்த்தும்படி பல முறை சிபார்சு செய்துவிட்டது.

முந்நூறை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். கிராம வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். எழுந்து நடக்க முடியாதவருக்கு ஒரு மாதத்துக்குக் கொடுப்பது, மண்வெட்டி பிடிக்க முடிந்தவருக்கு ஒரு நாளைக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அதுவும் எத்தனை பேருக்கு? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம். மத்திய சர்க்கார் இந்தத் திட்டத்தில் பணம் கொடுப்பது எட்டு லட்சத்துச் சொச்சம் பேருக்கு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷத்தில் நடக்காமல் போனதால், பழைய எண்ணை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 24-வது பிரிவில் ஓர் அருமையான வாசகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஓர் உதவித்தொகை கொடுத்தால், அதே மாதிரியான திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதமாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது. அரிசி விலையும் வாடகையும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக நமக்குப் பஸ் போதும். சக்கர நாற்காலிக்காரருக்கு ஆட்டோ வேண்டும், ஏற்றி இறக்க ஒரு துணை வேண்டும், அந்தத் துணைக்கு அன்றைய கூலி போகும். உடம்பு விதிக்கும் இந்த வரியைத்தான் சட்டம் 25 சதவீதம் என்று மதிப்பிட்டது. இது போதுமா என்பது வேறு விஷயம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அளந்து பார்த்தோம். மத்திய சர்க்கார் 60 முதல் 79 வயது வரையுள்ள முதியவருக்கு 200, ஊனமுற்றவருக்கு 300, சட்டத்துக்குப் பழுதில்லை. ஆனால் 80 வயதானவுடன் முதியவருக்கும் 500, ஊனமுற்றவருக்கும் 500! எண்பதாவது பிறந்த நாளன்று எல்லா ஊனமும் பறந்துபோய்விடும் என்று டில்லியில் யாரோ நம்புகிறார்கள் போலும். தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆயிற்று. ஆயிரத்து இருநூறின்மேல் 25 சதவீதம் போட்டுப் பாருங்கள்: சரியாக 1,500. சட்டத்தின் வாசலைத் தொட்டுவிட்டு, ஓர் அங்குலம்கூட உள்ளே போகாமல் நின்ற அழகை ஒரு கணக்கு வாத்தியார் மெச்சத்தான் வேண்டும்.

வடக்கே ஆந்திராவில் 2024 ஜூலையில் முதியோருக்கு 3,000-லிருந்து 4,000 ஆக்கினார்கள். ஊனமுற்றோருக்கு 3,000-லிருந்து ஒரே தாவாக 6,000. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு 15,000. தெலங்கானாவில் ஊனமுற்றோருக்கு 2023-ல் 4,016 என்று வைத்தார்கள். இப்படி ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறுவதற்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதவர்களுக்கும் நிவாரணம் கொடுப்பது ராஜ்யங்களின் பட்டியலில் ஒன்பதாவது இனம். சட்டப்படி சரிதான். ஆனால் திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நகரி வந்துவிடுகிறது. கால் விளங்காத ஒருவர் திருத்தணியில் இருந்தால் அந்த ஜூலையில் 1,500. நகரியில் இருந்தால் 6,000. காஸ் சிலிண்டர் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். திருத்தணி நம்மோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி. பாடுபட்டபோது, எல்லைக் கோடு இப்படி ஒரு வேலையும் செய்யும் என்று யார் நினைத்தார்கள்?

ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம்மைப் போன்றவர்கள் தப்பித்துக்கொள்வோம். இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கும் இல்லங்களிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ராஜாங்கம் என்ன செய்கிறது? பழைய முறைப்படி வருமான வரி கட்டுகிறவர், தம்மை நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிக்காகத் தம் வருமானத்தில் 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமும் அதற்கு மேலுமானால் 1,25,000. முப்பது சதவீத வரி கட்டும் நிலையில் உள்ள தகப்பனாருக்கு இதனால் வருஷத்தில் 37,500 ரூபாய் மிச்சம். அதே 80 சதவீதக் குறைபாடு உள்ள ஏழைப் பிள்ளைக்கு அதே மத்திய சர்க்கார் வருஷத்தில் கொடுப்பது பன்னிரண்டு முந்நூறு, அதாவது 3,600. பத்து மடங்கு வித்தியாசம். வரிச்சலுகை வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் தகப்பனாரின் செலவு நமக்குத் தெரியும். ஆனால் 'இலவசம் கொடுத்தே நாடு கெடுகிறது' என்று நம் திண்ணைகளில் பேச்சு எழும்போது, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

கோடு கிழித்து மனிதரை அளக்கும் முறையைப் பற்றி உச்ச நீதிமன்றமும் யோசித்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் உபாதை உள்ள ஓர் இளைஞர், பரீட்சையில் தமக்குப் பதிலாக எழுத ஓர் ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லையே என்று மறுத்தார்கள். எழுத முடியாதவருக்கு எழுத ஆள் கொடுப்பதற்குச் சதவீதம் எதற்கு என்ற கருத்தில் 2021-ல் தீர்ப்பு வந்தது. 2024-ல் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு. மருத்துவப் படிப்புக்கு வந்த ஒரு மாணவரை, பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். எண் மாத்திரம் ஒருவரைத் தள்ளக் காரணமாகாது, அவரால் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒரே நாற்பது, ஒருவருக்குக் குறைந்து போயிற்று; மற்றொருவருக்குக் கூடிப் போயிற்று.

இதெல்லாம் இருக்கட்டும், நம் மஞ்சள் அட்டை அம்மாளின் விஷயத்துக்கு வருவோம். 80 என்பது மத்திய சர்க்காரின் திட்டத்துக்குத்தான். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை என்று வேறொன்று உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைவு உள்ளவர்கள், தசைச் சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் முதலியோருக்கு இது. 2022-ல் இதை மாதம் 1,500-லிருந்து 2,000 ஆக்கினார்கள். அறிவு வளர்ச்சிக் குறைவு உள்ளவருக்கு 40 சதவீதமே போதும். ஆகப் பையன் தேர்வில் பெயிலாகவில்லை. தப்பான பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறான். தாலுகா ஆபீஸ் ஒரு வாசல், நல அலுவலகம் இன்னொரு வாசல். ஒரு வாசலில் இருப்பவர், 'அம்மா, அந்தத் தெருவில் இன்னொரு வாசல் இருக்கிறது' என்று சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிராது. அந்த அரை நிமிஷத்தின் விலை ஏழு மாதம். மாதம் 2,000 வீதம் 14,000 ரூபாய். நாமும்தான் குற்றவாளி. எட்டு வருஷம் அந்தப் பையனை வைத்துக்கொண்டு மணி அடிக்க விட்ட பள்ளிக்கூடத்தில், இந்த இரண்டாவது வாசலைப் பற்றி அவன் தாயாரிடம் சொன்னவர் ஒருவரும் இல்லை.

மனுவை நாமே எழுதிக் கொடுத்தோம். ஒரு சனிக்கிழமை ஆதார் நகல். ஒரு திங்கட்கிழமை பாங்குப் புத்தகம். பிறகு, பையனின் போட்டோவில் அவன் கண்ணை மூடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வேறு போட்டோ. காமிராவைக் கண்டால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். நான்கு தடவை எடுத்தார்கள். கடைசியில் நாம் கூடப் போய், ஜன்னலிலிருந்து அசைப்பது போலக் கையை அசைத்தோம். மணி அடிக்கச் சொல்கிறோம் என்று நினைத்துப் பையன் பெரிதாகச் சிரித்தான், கண்ணும் திறந்திருந்தது. உத்தரவு வந்து, முதல் தொகையும் பாங்கில் விழுந்தது.

போன வாரம் அந்த அம்மாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் உறை இல்லை. "பணம் வருது சார், ஒண்ணும் குறையில்லே" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எனக்கு அப்புறம் இது யார் கைக்குப் போகும் சார்?" என்று கேட்டார்.

இதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்கு, பதினெட்டு வயதுக்குப் பிறகும் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமித்துக்கொள்ள அதில் வழி உண்டு. மாவட்ட ஆட்சியர் இடம் பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். பெற்றோரே பாதுகாவலர் ஆகலாம், உறவினரையும் முன்மொழியலாம். மனுவில், யாரை நியமிக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு பெயரை எழுத வேண்டும். ஊரில் பையனின் சித்தி ஒருவர் இருக்கிறாராம். அவரிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு அம்மாள் போயிருக்கிறார். மனுவின் மற்றப் பகுதிகளை நாம் எழுதி முடித்துவிட்டோம். அந்த ஓர் இடம் மாத்திரம் காலியாக நம் மேஜைமீது இருக்கிறது.